மச்சி, ஸ்பேனரை எடு!

உங்க காலேஜ் பார்க்கிங்ல ஒரு வண்டியைப் பார்த்திருப்பீங்க. மத்த பைக்கை விட ஒரு முழம் உயரமா நிக்கும். முன்சக்கரம் பெருசா, ஒல்லியா இருக்கும். மட்கார்டு கொக்கு மாதிரி மூக்கை நீட்டிக்கிட்டு இருக்கும். உடம்பு முழுக்க காய்ஞ்ச சேறு. 'யாரோடதுடா இது?'ன்னு நாலு பேர் சுத்தி நின்னு சீட்டைத் தட்டிப் பார்ப்பாங்க. அதுதான் இந்த வார ஹீரோ. டர்ட் பைக்!

சரியா சொல்லணும்னா, டர்ட் பைக்கோட தம்பி. நிஜமான மோட்டோகிராஸ் வண்டிக்கு ஹெட்லைட் கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது, நம்பர் பிளேட்டும் கிடையாது. அதை டிராக்ல மட்டும்தான் ஓட்டலாம். ரோட்டுக்கு எடுத்துட்டு வந்தா போலீஸ்கார அண்ணன் அன்போட ஓரங்கட்டுவார். நாம ஓட்டுறது ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ரகம். 2011-ல ஹீரோ இம்பல்ஸ்னு 150 சி.சி. வண்டி ஒண்ணு வந்து, கொஞ்ச வருஷத்துல நின்னு போச்சு. 2016-ல ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வந்தது. 2019 மே மாசம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வந்த பிறகுதான் 'மண்ணுல ஓட்டுற வண்டி'ங்கிறது நம்மள மாதிரி ஸ்டூடண்ட்ஸோட கனவுக்குக் கொஞ்சம் பக்கத்துல வந்துச்சு.

என்கிட்ட இருக்கிறதும் ஒரு செகண்ட் ஹேண்ட் எக்ஸ்பல்ஸ்தான். வீடு ஒரகடம். உடனே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டி வண்டியா கார் தயாரிக்கிற ஒரகடம்னு நினைச்சுடாதீங்க. இது அம்பத்தூர் ஒரகடம். காலேஜ் பூந்தமல்லி - ஆவடி ரோட்டுல. தினமும் அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பருத்திப்பட்டுன்னு ஒரு குட்டி ரேலி. எங்கயாவது ஒரு இடத்துல பள்ளம் தோண்டியிருப்பாங்க, இல்லைன்னா தோண்டின பள்ளத்தை மூடியிருப்பாங்க. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால 'டர்ட் பைக்கெல்லாம் எதுக்குடா?'ன்னு வீட்ல கேட்டப்போ, ரோட்டைக் காட்டினதே போதுமான பதிலா இருந்துச்சு!

ஆனா ஒரு விஷயம். மண்ணுல ஓடுற வண்டி, மத்த வண்டியை விட சீக்கிரமா தளரும். தூசி உள்ளே போகும், நட்டு லூஸாகும், செயின் காயும். அதை மாசம் ஒரு தடவை சர்வீஸ்ல பார்த்துக்கலாம்னு விட முடியாது. வீட்டு வாசல்லயே நாம பார்க்கத் தெரிஞ்சிருக்கணும். காசு மிச்சமாகுங்கிறது ஒரு காரணம். அதை விடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு.

<b>கையால சுத்தின நட்டு</b>

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நண்பன் ஒருத்தன் எங்க தெருவுல வண்டியை நிறுத்தினான். 'பின்னாடி ஏதோ கிளிக் கிளிக்னு சத்தம் வருதுடா, அவசரமா கிளம்பணும், ஒரு நிமிஷம் பாரு'ன்னான். தங்கச்சி பின்சீட்ல உட்கார்ந்திருந்தா. கையில ஹால் டிக்கெட். நுழைவுத் தேர்வு சென்டர் பூந்தமல்லி தாண்டி.

பார்க்க ஒண்ணுமே தெரியலை. குனிஞ்சு பின்சக்கர ஆக்சில் நட்டைத் தொட்டேன். தொட்டதும் சுத்துச்சு. ஸ்பேனர் இல்லாம, வெறும் ரெண்டு விரல்ல! முந்தின நாள் எங்கயோ பஞ்சர் போட்டிருக்கான். சக்கரத்தைக் கழட்டி மாட்டினவங்க நட்டைக் கையால திருகிட்டு, முறுக்க மறந்துட்டாங்க. அப்படியே பைபாஸ்ல எழுபது எண்பதுல போயிருந்தா...

அந்த வாக்கியத்தை நான் முடிக்கலை. அவனும் முடிக்கலை. தங்கச்சி மட்டும் 'அண்ணா, லேட்டாகுது'ன்னா. ஸ்பேனர் போட்டு முறுக்க அரை நிமிஷம்கூட ஆகலை. பரீட்சைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்க.

இந்தக் கட்டுரையோட மொத்த விஷயமும் அந்த அரை நிமிஷம்தான் பாஸ். எஞ்சினைப் பிரிச்சு மேயத் தெரிய வேண்டாம். தொட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தா போதும்.

<b>அஞ்சு நிமிஷ ரவுண்டு</b>

காலையில வண்டியை வெளிய எடுக்கும்போது ஒரு ரவுண்டு வாங்க. முன்னாடி ஆரம்பிச்சு பின்னாடி முடிங்க. தினமும் ஒரே வரிசை இருந்தா எதுவும் விட்டுப் போகாது.

* முன் பிரேக் லீவரை அழுத்துங்க. கல்லு மாதிரி நிக்கணும். பஞ்சு மாதிரி உள்ளே போனா, பிரேக் லைன்ல காத்து இருக்குன்னு அர்த்தம். அன்னிக்கு பஸ்ல போங்க.

* டிஸ்க் பேடை டார்ச் அடிச்சுப் பாருங்க. இரும்புத் தகட்டு மேல ஒட்டியிருக்கிற பொருள் 1 மி.மீட்டரை நெருங்கிட்டா மாத்திடணும். சேத்துல ஓட்டினா பேடு உப்புத்தாள் வச்சு தேய்ச்ச மாதிரி வேகமா தேயும்.

* கிளட்ச் லீவர் கொஞ்சம் லூஸா ஆடணும். அடிப்பக்கத்துல 2, 3 மி.மீ. இடைவெளி. சுத்தமா ஆட்டமே இல்லைன்னா, கிளட்ச் எப்பவும் பாதி பிடிச்ச மாதிரியே இருந்து பிளேட் கருகும்.

* ஸ்போக்ஸைத் தட்டுங்க. சின்ன ஸ்பேனரால ஒவ்வொரு கம்பியையும் லேசா. பானை வாங்கும்போது பாட்டி தட்டிப் பார்ப்பாங்களே, அதே டெக்னிக்தான். 'டிங்'னா நல்ல கம்பி. 'டொக்'னா லூஸு. ஒண்ணு ரெண்டுன்னா கால் சுத்து முறுக்கலாம். நிறைய லூஸா இருந்தா ரிம் கோட்டம் எடுக்கிறவர்கிட்ட கொடுத்திடுங்க.

* ரெண்டு ஆக்சில், ஹேண்டில்பார் கிளாம்ப், ஃபுட்ரெஸ்ட், பிரேக் காலிப்பர்... இந்த நட்டு போல்ட்டையெல்லாம் சரியா முறுக்கின பிறகு, நட்டு மேலயும் பக்கத்துல இருக்கிற இரும்பு மேலயும் சேர்த்து பெயின்ட் மார்க்கரால ஒரு கோடு போடுங்க. கோடு உடைஞ்சிருந்தா நட்டு நகர்ந்திருக்கு. விமானத்துல பண்ற வேலை இது. நமக்கு ஆகுற செலவு ஒரு மார்க்கர்!

* எஞ்சின் ஆயில் லெவல். வண்டியை நேரா நிமிர்த்திப் பிடிச்சுத்தான் பார்க்கணும். சைடு ஸ்டாண்டுல சாய்ச்சு வச்சுப் பார்த்தா ஆயில் பொய் சொல்லும்.

<b>செயின்: இறுக்கினா கெத்து இல்லை</b>

நிறைய பேர் செயின் டைட்டா இருந்தா வண்டி ஷார்ப்பா ஓடும்னு நினைக்கிறாங்க. டர்ட் பைக்ல இது ரொம்ப டேஞ்சர். ஏன்னு சொல்றேன்.

இந்த வண்டியோட பின் சஸ்பென்ஷன் நிறைய ஏறி இறங்கும். எக்ஸ்பல்ஸ் 200-ல 170 மி.மீ. சக்கரம் மேல ஏறும்போது எஞ்சின் பக்கத்து சின்ன ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் ஆக்சில் மூணும் ஒரே நேர்கோட்டுக்கு வர்ற ஒரு நொடி இருக்கு. செயின் அப்பதான் உச்சகட்ட டைட்டா இருக்கும். ஸ்டாண்டுல நிக்கும்போதே நீங்க இறுக்கி வச்சிருந்தா, அந்த நொடியில இழுபட செயினுக்கு இடமே இருக்காது. செயின் அறுக்கும், இல்லைன்னா கியர் பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங் சாகும். ரெண்டுமே பர்ஸுக்குக் கேடு.

கீழ்ப்பக்கச் செயினை நடுவுல பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க. மொத்த ஆட்டம் எவ்வளவு இருக்கணும்னு மேனுவல்லயோ ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கர்லயோ போட்டிருக்கும். சக்கரத்தைச் சுத்திச் சுத்தி நாலஞ்சு இடத்துல பாருங்க. எந்த இடம் ரொம்ப டைட்டோ அந்த இடத்தை வச்சுத்தான் செட் பண்ணணும். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, ரெண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்பி, ரெண்டு பக்கக் கோடும் ஒரே எண்ல நிக்குதான்னு பாருங்க. அப்புறம் நட்டை முறுக்கிட்டு மறுபடியும் ஆட்டத்தை அளந்து பாருங்க. முறுக்கும்போது அளவு மாறும், அதுக்குத்தான்.

கிளீன் பண்ண செயின் கிளீனர் ஸ்பிரே இருந்தா பெஸ்ட். இல்லைன்னா கொஞ்சம் கெரசின், பழைய டூத் பிரஷ். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். செயினுக்குள்ள இருக்கிற ரப்பர் ஓ-ரிங்கைக் கெடுக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். காய விட்டு, ஒரு ரைடு போயிட்டு வந்து செயின் சூடா இருக்கும்போது லூப் அடிச்சா நல்லா உள்ளே இறங்கும்.

ரொம்ப முக்கியமானது: எஞ்சினை ஓட விட்டு, கியர் போட்டு, சுத்துற செயின்ல துணி பிடிச்சுத் துடைக்கிறதை வீடியோவுல பார்த்திருப்பீங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க. துணியைப் பிடிக்கிற ஸ்ப்ராக்கெட்டுக்கு விரலையும் பிடிக்கத் தெரியும். சக்கரத்தைக் கையால சுத்துங்க, எஞ்சின் ஆஃப்ல.

ஸ்ப்ராக்கெட் பல்லு சுறா பல்லு மாதிரி ஒரு பக்கம் வளைஞ்சிருந்தா, செயினோட சேர்த்து செட்டா மாத்திடுங்க. பழைய ஸ்ப்ராக்கெட்ல புதுச் செயின் போட்டா புதுசும் சீக்கிரம் பழசாகும்.

<b>வண்டிக்கும் மூச்சு உண்டு</b>

பூந்தமல்லி, திருமழிசை பக்கம் லாரிக்குப் பின்னாடி பத்து நிமிஷம் போனாலே நம்ம மூக்குல என்ன சேரும்னு உங்களுக்குத் தெரியும். வண்டிக்கு அந்த மூக்குதான் ஏர் ஃபில்டர். அடைச்சா பிக்கப் போகும், மைலேஜ் விழும், பிளக் கருப்பாகும். கிழிஞ்சா இன்னும் மோசம். மண்ணு நேரா எஞ்சினுக்குள்ள போய் பிஸ்டனைத் தேய்க்கும்.

பேப்பர் ஃபில்டர்னா கழுவக் கூடாது. ரொம்ப அழுக்கானா மாத்த வேண்டியதுதான். ஃபோம் ஃபில்டர்னா சோப்புத் தண்ணியில மெதுவா அமுக்கி அமுக்கிக் கழுவுங்க. துணி மாதிரி முறுக்கிப் பிழிஞ்சா கிழிஞ்சிடும். நிழல்ல நல்லா காய்ஞ்ச பிறகு ஃபில்டர் ஆயிலைத் தடவி, அதிகமா இருக்கிறதைப் பிழிஞ்சு எடுத்துட்டு மாட்டுங்க. அந்த ஆயில் பிசுபிசுப்புலதான் தூசி ஒட்டும். காய்ஞ்ச ஃபோம், கொசுவலையில பெரிய ஓட்டை மாதிரி. ஃபில்டர் மாட்டுறதுக்கு முன்னாடி பாக்ஸுக்கு உள்ளேயும் ஈரத் துணியால துடைச்சிடுங்க.

<b>ஸ்டார்ட் ஆகலையா? பதறாதே!</b>

முதல் பீரியட் இன்டர்னல் டெஸ்ட். வண்டி முக்குது, ஸ்டார்ட் ஆகலை. என்ன பண்ணுவீங்க? செல்ஃபை விடாம அழுத்திக்கிட்டே இருப்பீங்க. பேட்டரியும் படுத்துடும். அதுக்குப் பதிலா இந்த வரிசையில போங்க.

முதல்ல, சிரிக்காதீங்க, கில் ஸ்விட்ச். பக்கத்து வீட்டு வாண்டு ஏறி உட்கார்ந்து விளையாடும்போது தட்டி விட்டிருக்கும். ரெண்டாவது, சைடு ஸ்டாண்ட். அது கீழே இருந்தா ஸ்டார்ட் ஆகாத வண்டிகள் இருக்கு. அந்த ஸ்விட்ச்ல சேறு அடைச்சிருந்தா, ஸ்டாண்டை மடக்கினாலும் மடக்காத மாதிரியே வண்டி நினைச்சுக்கும். துடைச்சுப் பாருங்க. மூணாவது, டேங்க்கைத் திறந்து கண்ணால பெட்ரோலைப் பாருங்க. மீட்டர் முள்ளை நம்பாதீங்க.

நாலாவது, ஹாரன் அடிங்க. ஹாரன் இருமினா பேட்டரி வீக். செல்ஃப் அழுத்தினா 'டிக் டிக் டிக்'னு மட்டும் சத்தம் வந்தாலும் அதேதான், இல்லைன்னா பேட்டரி டெர்மினல் லூஸு. குலுங்குற வண்டியில டெர்மினல் ஸ்க்ரூ அடிக்கடி தளரும். ஈசிஈ, ட்ரிபிள்ஈ பசங்களே, லேப்ல மார்க்குக்காக மட்டும் தொட்ட மல்டிமீட்டரை வெளிய எடுங்க. வண்டி ஆஃப்ல இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருந்தா நல்ல பேட்டரி. 12-க்குக் கீழ போனா சார்ஜ் போடணும். வண்டி ஓடும்போது 14 பக்கத்துல இருக்கணும். ஏறவே இல்லைன்னா சார்ஜிங்ல கோளாறு.

அஞ்சாவது, எஃப்ஐ வண்டின்னா சாவி போட்டதும் ரெண்டு செகண்ட் 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம் வரும். பெட்ரோல் பம்ப் மூச்சு இழுக்கிற சத்தம் அது. தினமும் கேட்டுப் பழகுங்க. ஒருநாள் கேக்கலைன்னா ஃபியூஸைப் பாருங்க. சீட்டுக்கு அடியில ஸ்பேர் ஃபியூஸ் இருக்கும். கம்பியைச் சுத்தி ஒப்பேத்தாதீங்க. ஃபியூஸ் போறது வயரைக் காப்பாத்தத்தான்.

கடைசியா, ஸ்பார்க் பிளக். எஞ்சின் ஆறின பிறகு கழட்டுங்க. அதோட கலரே ஒரு ரிப்போர்ட் கார்டு. லேசான பழுப்பு: பாஸ். புகைக்கரி மாதிரி கருப்பு: ஏர் ஃபில்டரைப் பார். பெட்ரோல்ல நனைஞ்சிருந்தா: பெட்ரோல் வருது, தீப்பொறி வரலை. வெள்ளையா வெளுத்திருந்தா: ரொம்ப சூடாகுது, மெக்கானிக் அண்ணன்கிட்ட போங்க. திரும்ப மாட்டும்போது முதல் நாலஞ்சு சுத்து வெறும் விரலால திருகணும். ஆரம்பத்துலயே ஸ்பேனர் போட்டு மரை கெட்டா, எஞ்சின் ஹெட்டுக்கே வேட்டு.

இன்னொண்ணு. இப்போ பங்க்ல நாம போடுற பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். செமஸ்டர் லீவுக்கு மாசக்கணக்குல ஊருக்குப் போறவங்க டேங்க்கைக் கால்வாசியில விட்டுட்டுப் போகாதீங்க. நிரப்பி வச்சா உள்ளே காத்துக்கு இடம் கம்மி, ஈரமும் கம்மி. பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டிட்டுப் போங்க.

<b>தண்ணியில கண்டம்</b>

நம்ம ஏரியாவுக்குன்னு தனியா ஒரு சிலபஸ் இருக்கு: வெள்ளம். 2015 டிசம்பரைச் சின்ன வயசுல பார்த்திருப்பீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல அம்பத்தூர் எஸ்டேட், கொரட்டூர் எல்லாம் தண்ணியில நின்னுச்சு. எங்க தெருவுல இடுப்பளவு. உயரமான வண்டிதானேன்னு தைரியமா இறங்கின ரெண்டு பேரோட எஞ்சின் நடுத்தெருவுல நின்னு போச்சு. அதுல ஒருத்தர் உடனே செல்ஃப் அழுத்தினார். 'டக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான். இன்னொருத்தர் செல்ஃபைத் தொடாம மேடு வரைக்கும் தள்ளிட்டுப் போனார். அவர் வண்டி பொழைச்சது.

ஏன் இந்த வித்தியாசம்? எஞ்சினுக்குள்ள பிஸ்டன் காத்தை அமுக்கும். காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. ஏர் ஃபில்டர் வழியா தண்ணி உள்ளே போயிருக்கும்போது செல்ஃப் அடிச்சா, பிஸ்டன் சுவத்துல மோதின மாதிரி நிக்கும். கனெக்டிங் ராடு வளையும். அடுத்தது எஞ்சின் வேலைதான், பில்லு பத்தாயிரக்கணக்குல.

அதனால தண்ணிக்குள்ள வண்டி நின்னா, சாவியை ஆஃப் பண்ணுங்க, தள்ளுங்க. வீட்டுக்கு வந்து ஏர் ஃபில்டர் பாக்ஸைத் திறங்க. உள்ளே காய்ஞ்சிருந்தா பெரும்பாலும் தப்பிச்சீங்க. நனைஞ்சிருந்தா ஸ்பார்க் பிளக்கைக் கழட்டுங்க. சாவி ஆஃப்லயே இருக்கட்டும். டாப் கியர் போட்டு, பின்சக்கரத்தைத் தூக்கி கையால மெதுவா சுத்துங்க. உள்ளே இருக்கிற தண்ணி பிளக் ஓட்டை வழியா வெளிய வரும். அப்புறம் எஞ்சின் ஆயிலைப் பாருங்க. டீக்கடை டீ கலர்ல வெளுத்து இருந்தா தண்ணி கலந்திருக்கு. புது ஆயில் மாத்தி, கொஞ்ச தூரம் ஓட்டி, இன்னொரு தடவை மாத்தணும். இதெல்லாம் பயமா இருந்தா, ஸ்டார்ட் பண்ணாம அப்படியே டெம்போல ஏத்தி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்க. ஸ்டார்ட் பண்ணாம இருக்கிறதுதான் இங்க முக்கால்வாசி ரிப்பேர்.

<b>குளிப்பாட்டும் கலை</b>

சேத்துல போயிட்டு வந்தா அன்னிக்கே கழுவுங்க. காய்ஞ்ச சேறு சிமென்ட் மாதிரி. வாட்டர் சர்வீஸ்ல விட்டா, பிரஷர் கன்னை சக்கரத்து நடுவுல, செயின்ல, ஃபோர்க் சீல்ல நேரா அடிக்க விடாதீங்க. உள்ளே இருக்கிற கிரீஸ் வெளிய வந்து தண்ணி உள்ளே போயிடும். வீட்ல ஒரு பக்கெட், ஷாம்பூ, பிரஷ், பனியன் வேஸ்ட் போதும். எஞ்சின் ஆறட்டும். சைலன்சர் வாயில ஒரு பழைய துணியை அடைச்சுக்கோங்க. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அதை எடுத்துடுங்க, ப்ளீஸ்!

முன் ஃபோர்க்ல ஆயில் கசியுதா? உடனே சீல் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. சீல் உதட்டுல ஒரு மண் துகள் மாட்டியிருக்கலாம். அப்பா பீரோவுல பழைய ஃபோட்டோ நெகட்டிவ் கிடக்கும் பாருங்க, அதுல ஒரு துண்டு வெட்டி, தூசி கவரை இறக்கி, சீல் இடுக்குல மெதுவா சுத்தி ஒரு ரவுண்டு எடுங்க. பாதி கேஸ் அதுலயே சரியாகும். அப்பவும் கசிஞ்சா சீல் மாத்தணும். கசியுற ஆயில் வழிஞ்சு பிரேக் டிஸ்க்ல பட்டுச்சுன்னா பிரேக் பிடிக்காது. அதனால தள்ளிப் போடாதீங்க.

<b>கை வைக்கக் கூடாத இடம்</b>

எல்லாம் நாமே பண்ணிடலாம்னு வீரம் காட்டுற கட்டுரை இல்லை இது. பிரேக் லைன்ல காத்து எடுக்கிறது, ஏபிஎஸ் கோளாறு, ஃபோர்க்கைப் பிரிக்கிறது, பின் ஷாக் அப்ஸார்பர், வால்வு செட்டிங்... இதையெல்லாம் முதல் தடவை தனியா வீட்ல பண்ணாதீங்க. மெக்கானிக் அண்ணன் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரெண்டு தடவை பாருங்க. டீ வாங்கிக் கொடுத்தா அவரே சொல்லித் தருவார். பிரேக் ஆயிலை மட்டும் பெரும்பாலான கம்பெனிகள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க, அதை மறக்காதீங்க. அது ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி வீக் ஆகும். பெயின்ட் மேல கொட்டினா பெயின்ட்டையே சாப்பிடும்.

கண்ணாடியைக் கழட்டுறது, இண்டிகேட்டரைப் பிடுங்குறது, ஊரையே எழுப்புற சைலன்சர் மாட்டுறது இதெல்லாம் மெயின்டனன்ஸ் கணக்குல வராது. அபராதக் கணக்குல வரும்!

<b>நம்ம ஊரே ஒரு டூல் பாக்ஸ்</b>

இதையெல்லாம் கத்துக்க நம்மளை விட லக்கியான ஏரியா சென்னையில வேற இருக்கான்னு தெரியலை. 1949-ல அம்பத்தூர்ல டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பிச்சாங்க. நம்ம தாத்தாக்களோட ஹெர்குலஸ், பிஎஸ்ஏ சைக்கிளெல்லாம் அவங்களோடதுதான். 1960-கள்ல அம்பத்தூர் எஸ்டேட் வந்தது. 1965-ல ஆவடி ஃபேக்டரியில இருந்து 'விஜயந்தா' டாங்கி வெளிய வந்தது. கொஞ்சம் வடக்கே போனா சோழவரம். ரெண்டாம் உலகப்போர் கால ஓடுபாதையில பல வருஷம் பைக் ரேஸும் கார் ரேஸும் நடந்த இடம். 1990-ல இருங்காட்டுக்கோட்டையில புது டிராக் வந்ததும் சத்தம் அங்க மாறிடுச்சு. பூந்தமல்லியில இருந்து பெங்களூரு ஹைவேயைப் பிடிச்சா போய்டலாம்.

உங்க தெருவுலயே லேத் ஓட்டின ஒரு பெரியப்பா, டாங்கி ஃபேக்டரியில ரிட்டயர் ஆன ஒரு மாமா கண்டிப்பா இருப்பார். எங்க அப்பாவும் எஸ்டேட்ல லேத் ஓட்டினவர்தான். காலேஜுக்குப் போன பிறகு அவருக்கும் எனக்கும் பேச விஷயமே இல்லாம போச்சு. 'சாப்பிட்டியா', 'ம்', அவ்வளவுதான். ஒருநாள் நான் செயின் அட்ஜஸ்ட் பண்ணிட்டிருந்தப்போ பக்கத்துல வந்து உட்கார்ந்தார். ஒண்ணும் சொல்லாம சக்கரத்தைச் சுத்தி விட்டு, கண்ணை மூடிக் கேட்டார். 'இடது பக்க பேரிங் போகப் போகுது'ன்னார். நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். எனக்கு ஒரு சத்தமும் கேக்கலை. பிரிச்சுப் பார்த்தா, பேரிங் துருப்பிடிச்சு கரகரன்னு இருந்துச்சு. 'மெஷின் பேசும்டா. காது கொடுத்தா போதும்'னு சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்டார்.

இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் வாசல்லதான் இருப்போம். வண்டி கம்மியாவும், அவர் ஃபேக்டரி கதை அதிகமாவும் ஓடும். ஸ்பேனரை அவர் கேக்குறதுக்கு முன்னாடியே எத்தனாம் நம்பர்னு கண்டுபிடிச்சுக் கொடுக்கிற அளவுக்கு நான் தேறிட்டேன்.

டூல்ஸுக்கு ரொம்ப செலவு வேண்டாம். 8, 10, 12, 14 ரிங் ஸ்பேனர், ஆக்சில் சைஸுக்கு ஒண்ணு, ஆலன் கீ செட், பிளக் ஸ்பேனர், திருப்புளி, டயர் லீவர் ரெண்டு, காத்து அளக்கிற கேஜ். இந்த ரக வண்டிக்குப் பெரும்பாலும் சென்டர் ஸ்டாண்ட் இருக்காது. வெல்டிங் பட்டறையில சொன்னா பின்பக்கம் தூக்குற ஸ்டாண்ட் ஒண்ணு அடிச்சுக் கொடுப்பாங்க. ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஜி.பி. ரோடு இருக்கு. நாலு பேர் சேர்ந்து ஒரு டூல் பாக்ஸ் வாங்குங்க. தோழிகளே, உங்களையும் சேர்த்துத்தான்! எங்க கிளாஸ்ல வேகமா டியூப் மாத்துறது ஒரு பொண்ணுதான். நாங்க வேர்த்து விறுவிறுத்துட்டு இருப்போம், அவ அதுக்குள்ள காத்து அடிச்சுக்கிட்டு இருப்பா.

<b>பாலைவனத்துல ஒரு டிரங்க் பெட்டி</b>

உலகத்துலயே கஷ்டமான ரேலி டக்கார். 2015-ல அதை முழுசா முடிச்ச முதல் இந்தியர் சி.எஸ்.சந்தோஷ். 2024-ல கேரளாவைச் சேர்ந்த ஹரித் நோவா, நம்ம ஓசூர் டிவிஎஸ்ஸோட ஷெர்கோ டீம்ல ஓட்டி, ரேலி 2 பிரிவுல முதலிடம் வந்தார். பெரிய டீம் ரைடர்களுக்கு ராத்திரி மெக்கானிக்குகள் வண்டியைப் பார்த்துப்பாங்க. ஆனா அதே டக்கார்ல 'மால் மோட்டோ'ன்னு ஒரு பிரிவு இருக்கு. மால்னா பிரெஞ்சுல டிரங்க் பெட்டி. அதுல ஓட்டுறவங்களுக்கு மெக்கானிக்கே கிடையாது. நாள் முழுக்க மணல்ல ஓட்டிட்டு வந்து, டிரங்க் பெட்டியைத் திறந்து, அவங்களே ஃபில்டர் மாத்தி, டயர் மாத்தி, ஆயில் மாத்தி, கூடாரத்துல கொஞ்ச நேரம் தூங்கி, விடியறதுக்கு முன்னாடி மறுபடியும் கிளம்பணும். ரேலி உலகத்துல அவங்களுக்குத் தனி மரியாதை. அவங்க தினமும் ராத்திரி பண்ற வேலையில பாதியை நீங்க இப்போ படிச்சு முடிச்சிருக்கீங்க!

கடைசியா ரெண்டே ரெண்டு ரிக்வெஸ்ட். மாத்தின பழைய ஆயிலைச் சாக்கடையில ஊத்தாதீங்க. பாட்டில்ல பிடிச்சு ஒர்க்‌ஷாப்ல கொடுங்க, பழைய ஆயில் எடுக்கிறவங்க அங்க வருவாங்க. நம்ம பக்கத்துச் சாக்கடை எல்லாம் ஏதோ ஒரு ஏரியிலதான் போய் முடியுது. கொரட்டூர் ஏரிக்காக அந்த மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போயிருக்காங்க. அதே மாதிரி, ஏரிக்கரை மேல வண்டியை ஏத்தாதீங்க. டயர் அறுத்த இடத்துலதான் மழைக்காலத்துல தண்ணி வழி தேடும். அந்தப் பக்கம் நம்ம நண்பன் வீடு இருக்கும்.

சரி பாஸ், புக்கை மூடிட்டு வாசலுக்குப் போங்க. வேற எதுவும் பண்ண வேண்டாம். பின்சக்கரத்துக்குப் பக்கத்துல குனிஞ்சு, அந்த ஆக்சில் நட்டை ரெண்டு விரலால திருகிப் பாருங்க. அசையலைன்னா சந்தோஷமா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. அசைஞ்சா... ஸ்பேனரை எடுங்க!